பின்னால் நடக்கும் யானை

ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றி முடிந்த அடுத்த வாரம் பிள்ளையார்பாளையத்தில் தறிக்காரர்கள் தெரு ஒன்றுக்குப் பொம்மலாட்டம் வரும். கூரத்திலிருந்து மாணிக்கவேலின் குழு வந்து ஆடும். அவருக்கு முன்னால் அவருடைய அப்பா வந்து ஆடினார். ராஜா ராணிக் கதை ஏதாவது ஒன்று இருக்கும். அதற்காக யாரும் வருவதில்லை. கதைக்கு நடுவே வேலாயுதம் வருவான். பாயும் பிளாஸ்டிக் நாற்காலியும் தூக்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்து இடம் பிடிப்பது அவனுக்காகத்தான்.

வேலாயுதம் மரப்பொம்மை. பிதுங்கிய கண், இடுப்பில் நெசவாளி கட்டும் துண்டு. திரையின் ஓரத்திலிருந்து முதுகைக் காட்டியபடி பின்பக்கமாகவே நடந்து வருவான். ராஜாவின் மேல் முட்டுவான். ராணியின் மடியில் உட்காருவான். தூணைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்பான். மத்தளக்காரர் கேட்பார், "எந்தப் பக்கம்பா போறே?" அவன் சொல்வான், "நான் முன்னாடிதாம்பா போறேன், ஊருதான் பின்னாடி போவுது." இந்தப் பதில் தெருவில் எல்லோருக்கும் மனப்பாடம். கிழவர்கள் சொல்வார்கள், அவர்களின் மகன்கள் சொல்வார்கள், பேச்சு வந்து சில மாதமே ஆன பிள்ளைகளும் இடுப்பில் இருந்தபடி சொல்லும். எல்லோரும் ஒரே நேரத்தில் சொல்லிவிட்டு ஒரே நேரத்தில் சிரிப்பார்கள்.

வேலாயுதம் என்பது அந்தத் தெருவில் தறி நெய்யும் ஆனந்தராஜின் அப்பாவின் பெயர்.

அந்த அப்பா இளைஞராக இருந்தபோது தெருப் பெரியதனக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு முகூர்த்தச் சேலை நெய்தார். கரையில் யானை வரிசை. யானைகள் முந்தியைப் பார்த்து நடக்க வேண்டும் என்பது அந்தத் தெருவின் வழக்கம். கரையில் உரு விழுவதற்காகத் தறிக்கு மேலே பெட்டியில் ஏறும் துளையிட்ட அட்டைகளை அவர் தலைமாற்றிக் கோத்துவிட்டார். அவர் தறியில் சேலையின் நல்ல பக்கம் கீழே இருக்கும். அடியில் கைக்கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். அவர் பார்க்கவில்லை. மணப்பெண் மணையில் வந்து நின்றபோதுதான் ஊர் பார்த்தது. கரையில் இருந்த அத்தனை யானையும் முந்திக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. மற்ற ஊரில் யாருக்கும் கண்ணில் பட்டிருக்காது. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் தறிக்காரர்கள். தாலி கட்டும் நேரத்தில் பந்தி வரை சிரிப்பு போனது. அந்த வருஷம் ஆடியில் மாணிக்கவேலின் அப்பா பொம்மைக்குப் பெயர் வைத்தார்.

அதோடு ஒரு முறையும் வந்து சேர்ந்தது. ஆட்டம் முடிந்ததும் பெயர் சொல்லப்பட்ட வீட்டிலிருந்து ஒருவர் மேடைக்குப் போக வேண்டும். பட்டுத் துண்டுத்துணி ஒன்றைப் பொம்மையின் தோளில் போர்த்த வேண்டும். பொம்மை அவரைக் குனிந்து கும்பிடும். சனம் சிரித்து ஓயும் வரை அவர் அங்கேயே நிற்க வேண்டும். முகத்தைச் சுளித்தால், அடுத்த வருஷம் சுளித்த முகத்தையும் பொம்மை செய்து காட்டும். வேலாயுதம் வருஷா வருஷம் போர்த்தினார். அவருக்குப் பிறகு ஆனந்தராஜ். பொம்மையின் கழுத்தில் அவர்கள் வீட்டுப் பட்டு அடுக்கடுக்காகத் தடித்திருந்தது.

வேலாயுதம் இறந்த அன்று பாடையைத் தூக்கும் நேரத்தில் கூட்டத்தில் ஒருவர் தாழ்ந்த குரலில் கேட்டார், "எந்தப் பக்கம்பா நடக்கணும்?" தோள் கொடுத்தவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் பாடையைத் தரையில் வைத்துவிட்டு மறுபடி தூக்கினார்கள். கொள்ளிச் சட்டியோடு முன்னால் நின்ற ஆனந்தராஜ் திரும்பிப் பார்க்கவில்லை.

அவருக்கு ஒரே மகள், ஜீவிதா. ஒரு ஜவுளிக்கடையின் ஆன்லைன் பிரிவில் வேலை. சேலைகளைக் கேமரா முன்னால் விரித்துக் காட்டுகிற வேலை. பள்ளிக்கூடம் போன காலத்தில் பிள்ளைகள் அவளுக்கு முன்னால் பின்பக்கமாக நடந்து போவார்கள். அவளும் சேர்ந்து நடந்துவிடுவாள். அவளுக்கு அது பெரிதாகப் பட்டதில்லை. ஆனந்தராஜுக்குப் பட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளைப் பார்க்க வந்த ஒரு வீட்டார், ஆடி ஆட்டத்தையும் பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு பேச்சே இல்லை. ஜாதகமா, படிப்பா, வேறு இடம் அமைந்துவிட்டதா, யாரும் காரணம் சொல்லவில்லை. ஆனந்தராஜுக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான்.

இந்த வருஷம் ஏனாத்தூரிலிருந்து ஒரு இடம் வந்தது. பையன் பல்கலைக்கழகத்தில் ஆய்வகப் பணியாளன். அவனுடைய அப்பா வரதராஜன் போனில் பேசியபோது, ஆடி பொம்மலாட்டத்தன்று வருகிறோம், அப்படியே பெண்ணையும் பார்த்துவிடலாம் என்றார். வேறு நாள் வைத்துக்கொள்ளலாமே என்று ஆனந்தராஜ் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவர் கேட்கவில்லை.

ஆனந்தராஜ் மறுநாளே கூரத்துக்குப் போனார்.

மாணிக்கவேல் வாசலில் உட்கார்ந்து ராணியின் உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். ஆனந்தராஜ் விஷயத்தைச் சொன்னதும் தூரிகையைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டார். அவருக்கு இந்தக் குடும்பத்தின் மேல் கோபம் ஒன்றும் இல்லை. வேலாயுதம் செத்தபோது மாலை கொண்டுவந்து போட்டவர்தான்.

"நான் எடுத்துடறேன்பா. எனக்கு இன்னா? ஆனா பேரு இல்லாம சிரிக்க மாட்டாங்க. ஒரு பேரை எடுத்தா இன்னொரு பேரு வெக்கணும்."

ஆனந்தராஜ் வட்டிக்கு விடுகிற ஒருவரின் பெயரைச் சொன்னார். பந்தலுக்கு விளக்கு போடுவதே அவர்தான் என்றார் மாணிக்கவேல். அடுத்து ஆனந்தராஜ், இரண்டாவது கல்யாணம் செய்துகொண்ட ஒரு மேஸ்திரியின் பெயரைச் சொன்னார். அந்த வீட்டில் நான்கு பிள்ளைகள், மேடையைப் பிரித்துப் போட்டுவிடுவார்கள் என்றார்.

"தட்டிக் கேக்க ஆள் இல்லாத பேரா சொல்லு."

ஆனந்தராஜ் தெருவில் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டார். பிறகு காந்தாவைப் பற்றிச் சொன்னார்.

காந்தா அவருடைய தறியில் கரை போடுகிறவள். கரையை வேறு நிறத்தில் உடலோடு கோத்து நெய்யும் கோர்வைச் சேலையை ஒருவரால் நெய்ய முடியாது. உடலுக்கு நெசவாளி நூல் ஏற்றிய நாடாவை வீசினால், வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் கரைக்கு வேறு நாடாவை வீச வேண்டும். ஜீவிதா கைப்பிள்ளையாக இருந்ததிலிருந்து காந்தா அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். கைக்கண்ணாடியும் அவள் பக்கத்தில்தான் இருக்கும். புதுச் சேலையில் முதல் உரு விழுந்ததும் கண்ணாடியை அடியில் பிடித்துப் பார்த்து, "சரியா நடக்குதுண்ணா" என்பாள். அதைக் கேட்ட பிறகுதான் ஆனந்தராஜ் அடுத்த மிதி மிதிப்பார். இத்தனை வருஷத்தில் அவர் தறியில் ஒரு யானையும் தப்பாக நடக்கவில்லை என்றால் பாதிக் காரணம் அவள்.

அவள் புருஷன் ராமராஜன் விசைத்தறி வேலைக்கு என்று சூரத்துக்குப் போனான். முதலில் போன் வந்தது, அப்புறம் நின்றது. அங்கே வேறு குடும்பம் இருப்பதாகத் தெருவில் பேச்சு. அவனுடைய சைக்கிளைக் காந்தா உள்கூடத்திலேயே நிறுத்தியிருந்தாள். வாரா வாரம் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, சக்கரத்துக்குக் காற்று அடிப்பாள். இவ்வளவும் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாத ஒன்றை ஒரு மழை நாளில் தறி நின்றிருந்தபோது ஆனந்தராஜிடம் மட்டும் சொல்லியிருந்தாள். காற்று அடித்து முடித்ததும் கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பாளாம், ஆள் ஏறினால் தாங்குமா என்று. அப்புறம் மணியை ஒரு முறை அடிப்பாளாம், வெளியே கேட்காமலிருக்க உள்ளங்கையால் பொத்திக்கொண்டு.

ஆனந்தராஜ் அதையும் சொன்னார். அது தேவைப்படவில்லை. சைக்கிளும் பம்பும் போதும் என்று மாணிக்கவேல் அதற்குள் தலையாட்டியிருந்தார். ஆனால் பொத்திக்கொண்டு மணி அடிப்பதைக் கேட்டதும் மாணிக்கவேல் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆனந்தராஜ் சொன்ன ஒன்றுக்கு ஒருவர் இப்படிச் சிரித்தது அதுவே முதல் தடவை. அவரும் சிரித்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போதும் உதட்டோரம் அது மிச்சம் இருந்தது.

ஆட்டத்தன்று சாயங்காலம் ஜீவிதாவுக்குத் தலை பின்னிப் பூ வைத்துவிட்டது காந்தாதான். ஆனந்தராஜின் மனைவி மங்கையர்க்கரசிக்குப் பலகாரம் சுடவே நேரம் சரியாக இருந்தது. வரதராஜன் வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். அவர், அவர் மனைவி, மகன், தடி ஊன்றி நடக்கும் அவருடைய வயதான அம்மா, தங்கை, தங்கையின் பிள்ளைகள். பெண்ணைப் பார்த்தார்கள், காப்பி குடித்தார்கள், பையனும் ஜீவிதாவும் மாடியில் கொஞ்ச நேரம் பேசினார்கள். இருட்டத் தொடங்கும்போது எல்லோரும் பந்தலுக்குப் போனார்கள். முன்வரிசையில் அவர்களுக்கு நாற்காலி போட்டிருந்தது. பாயில் ஜீவிதாவும் காந்தாவும் அருகருகே உட்கார்ந்தார்கள். ஜீவிதாவின் கை காந்தாவின் மடியில் இருந்தது.

ராஜா வந்தான், ராணி வந்தாள். வேலாயுதம் வர வேண்டிய இடத்தில் மத்தளம் நின்றது. தெரு கை தட்டி, "வேலாயுதம், வேலாயுதம்" என்று கூப்பிட்டது. ஒரு குழந்தை அழவும் தொடங்கியது. ஆனந்தராஜ் தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரையின் ஓரத்திலிருந்து ஒரு பெண் பொம்மை வந்தது. பழைய தோழிப் பொம்மைக்குக் கொண்டை வைத்து, காந்தா எப்போதும் கட்டுகிற மாதிரி நீலச் சேலை சுற்றியிருந்தார்கள். கையில் மூங்கில் குச்சியால் செய்த பம்பு. எதிரே அட்டையில் வெட்டிய சைக்கிள். பொம்மை குனிந்து நிமிர, மத்தளக்காரர் மைக்கில் வாயை வைத்து, "புஸ்... புஸ்..." என்றார்.

பின்வரிசைக்கு ஒரு நொடியில் புரிந்தது. முன்வரிசைக்கு இன்னும் கொஞ்சம் ஆனது. அழுத குழந்தை வாயைத் திறந்தபடியே சிரிக்கத் தொடங்கியது. வேலாயுதத்தை அதன் பிறகு யாரும் கேட்கவில்லை.

"ஏம்மா காந்தா, யாருக்கும்மா காத்து அடிக்கிறே?"

"எங்க வூட்டுக்காரருக்குதான். வந்தா சைக்கிள் ரெடியா இருக்க வேணாவா?"

"வந்தவரு சைக்கிள்ல எங்க போவாரு?"

"என்னைப் பார்த்துட்டு உடனே திரும்பிப் போவத்தாம்பா."

பந்தல் அதிர்ந்தது. தூக்கிப் பிடித்த போன்கள் ஆடின. வரதராஜனின் அம்மா தடியால் தரையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். பேரப்பிள்ளைகள் அவள் மேல் சாய்ந்து சிரித்தார்கள். ஜீவிதாவும் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் தன் கை இருக்கும் மடி யாருடையது என்று நினைவு வந்து, மற்றக் கையால் வாயைப் பொத்தினாள். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது.

காந்தா மேடையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளும் அந்தத் தெருவில் வாழ்க்கைப்பட்டவள். வருஷா வருஷம் வேலாயுதத்தைப் பார்த்துச் சிரித்தவள். முகத்தைச் சுளிக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். அவள் உதடு சிரிப்பது போலத்தான் இருந்தது.

பொம்மை பம்பைக் கீழே வைத்தது. கட்டை விரலால் சக்கரத்தை அழுத்தியது. பிறகு இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒரு கையால் மணியைப் பொத்திக்கொண்டு மறு கையால் அடித்தது. திரைக்குப் பின்னால் அடைபட்ட ஒரு சத்தம், அவ்வளவுதான்.

காந்தா மேடையிலிருந்து பார்வையை எடுத்தாள். கூட்டத்தில் தேடவில்லை. நேராக ஆனந்தராஜைத்தான் பார்த்தாள்.

ஆட்டம் முடிந்தது. முறைப்படி அவள் எழுந்து போக வேண்டும். அவளிடம் பட்டு இல்லை. அவள் எதற்குக் கொண்டுவருவாள். தெரு அவளுக்காகக் காத்திருந்தது. யாரோ, "காந்தாக்கா, பொம்மைக்குக் குளுருதாம்" என்றார்கள். ஆனந்தராஜின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. ஒவ்வொரு வருஷத்தையும் போல அன்று காலையிலும் தறிக்கடியில் கிடந்த அரக்குப் பட்டுத் துண்டு ஒன்றை மடித்து வைத்திருந்தார். எதற்கு என்று யோசிக்காமல் வைத்தது. அதை எடுத்து நீட்டினார். கை மாறி மாறி அது காந்தாவிடம் போய்ச் சேர்ந்தது. அவள் மேடைக்குப் போய்ப் பொம்மையின் தோளில் போர்த்தினாள். பொம்மை கும்பிட்டது. சிரிப்பு ஓயும் வரை நின்றாள். புதுப் பொம்மை என்பதால் ஓய நேரம் ஆனது.

வீட்டுக்கு வந்து இலை போட்டு உட்கார்ந்தபோது வரதராஜன் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டார். மங்கையர்க்கரசி சுவாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். ஆனந்தராஜுக்கு உடம்பில் ஒரு கட்டு அவிழ்ந்த மாதிரி இருந்தது. வரதராஜன் வடையைப் பிட்டுக்கொண்டே சொன்னார்:

"எல்லாம் நல்லாத்தான் இருந்துது சம்பந்தி. ஆனா வேலாயுதம் வரலியே, எனக்கு அதான் கொறை."

ஆனந்தராஜ் சாம்பார் வாளியைக் கீழே வைத்தார்.

வரதராஜனின் அம்மா பிறந்தது பக்கத்துத் தெருவிலாம். சிறுவயதில் வரதராஜன் ஒவ்வொரு ஆடிக்கும் அங்கே மாமா வீட்டுக்கு வந்துவிடுவாராம். முன்வரிசையில் உட்கார்ந்து வேலாயுதத்தைப் பார்த்துச் சிரித்து ஒரு தடவை டவுசரை நனைத்துக்கொண்டதை அவருடைய அம்மா இப்போதும் சொல்வாளாம். தரகர் வந்து வேலாயுதம் பேத்தி என்று சொன்னதுமே, ஜாதகத்தைக்கூடப் பார்க்காமல் சரி என்று சொன்னேன் என்றார். ஆட்டத்தன்றே வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது அதற்காகத்தான். தங்கையின் பிள்ளைகளுக்கு, இது நம் வீட்டுப் பொம்மை என்று கைகாட்டிச் சொல்ல ஆசைப்பட்டிருக்கிறார்.

"அப்ப உங்கப்பா உங்களைக் கையில புடிச்சிக்கினு மேடைக்குப் போயி துணி போத்துவாரு. நான் உங்களைப் பார்த்துக்கினுதான் இருந்தேன். உங்களுக்கு ஞாபகம் இருக்காது."

ஞாபகம் இல்லைதான். மேடையிலிருந்து பார்த்தால், சிரிக்கிற பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே முகம்.

மாணிக்கவேலிடம் நானே பேசுகிறேன், அடுத்த ஆடிக்கு வேலாயுதமும் வர வேண்டும், அந்தக் காற்றடிக்கிற அம்மாவும் வர வேண்டும், அவளும் பிரமாதம் என்றார் வரதராஜன். அவருடைய அம்மா, "அவனுக்கும் அவளுக்கும் ஒரு கண்ணாலத்தையும் பண்ணி வெக்கச் சொல்லுடா" என்றாள். இலையில் உட்கார்ந்திருந்த எல்லோரும் சிரித்தார்கள். ஜீவிதா கதவோரம் நின்று சிரித்தாள். அவளைப் பார்த்துப் பையன் சிரித்தான்.

காலையில் காந்தா வழக்கமான நேரத்துக்கு வந்தாள். வரமாட்டாள் என்று நினைத்து மங்கையர்க்கரசி அந்தப் பக்கம் உட்காரத் தயாராகி இருந்தாள். காந்தா அவளைத் தாண்டிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து, நாடாவில் நூல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். தெருவில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் ஜன்னலில் வாயை வைத்து, "புஸ்... புஸ்..." என்றுவிட்டு ஓடினார்கள். அவள் தலையைத் தூக்கவில்லை.

ஆனந்தராஜ் என்னவோ சொல்ல ஆரம்பித்தார். அவள் குறுக்கே கேட்டாள்:

"மாப்ள வூட்டுக்குப் புடிச்சிருந்துதாண்ணா?"

"புடிச்சிருந்துது."

அவள் நாடாவை வீசினாள். அவர் மிதித்தார்.

நிச்சயதார்த்தம் ஆவணியில் நடந்தது. தட்டு மாற்றியதும் வரதராஜன் ஒரு ஆசையைச் சொன்னார். கல்யாணச் சேலையைச் சம்பந்தியே நெய்ய வேண்டும். கரையில் யானை வேண்டும். யானைகள் பின்னால் நடக்க வேண்டும். மணையில் மருமகள் வந்து நிற்கும்போது, விஷயம் தெரிந்த ஒவ்வொருவரும் சிரித்துத் தீர்க்க வேண்டும், அதிலும் முதலில் என் அம்மா சிரிக்க வேண்டும் என்றார். ஆனந்தராஜ் மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று சொன்னால் போதும்.

"செம்மயா இருக்கும்பா. இந்த மாதிரி யாருமே கட்டியிருக்க மாட்டாங்க. ரீல் போட்டா பிச்சிக்கும்."

ஆனந்தராஜ் அட்டைகளை இறக்கித் தரையில் பரப்பினார். அவருடைய அப்பா தெரியாமல் செய்ததை அவர் தெரிந்தே, ஒவ்வொரு அட்டையாகச் சரிபார்த்துத் தலைமாற்றிக் கோத்தார். தப்பாகக் கோப்பதில் தப்பு வந்துவிடக் கூடாது என்று இரண்டு முறை எண்ணினார். காந்தா எதிரில் உட்கார்ந்து நூலால் முடி போட்டுக் கொடுத்தாள். இந்த நாட்களில் அவள் அவரிடம் நூல், நாடா, முடி என்பதைத் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை. சைக்கிளின் காற்றைப் பிள்ளைகள் உள்ளே நுழைந்து பிடுங்கிவிட்டு ஓடுகிறார்கள் என்று மங்கையர்க்கரசி சொல்லியிருந்தாள். முதலில் சில நாள் மறுபடி அடித்தாளாம். பம்பு போடும் சத்தம் கேட்டதும் எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து பெரியவர்களும் சேர்ந்து சத்தம் கொடுக்கவே, பம்பைக் கொண்டுபோய்ப் பரண்மேல் போட்டுவிட்டாளாம்.

அட்டைகள் பெட்டியில் ஏறின. அரக்கும் மயில் கழுத்து நிறமுமாகச் சேலை தொடங்கியது. காந்தா கரைக்கு நாடாவை வீசினாள், அவர் உடலுக்கு வீசினார். முதல் யானை முழுதாக விழுந்தது. ஆனந்தராஜ் காலை மிதிக்காமல் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

காந்தா கைக்கண்ணாடியை எடுத்து முந்தானையால் துடைத்தாள். குனிந்து சேலைக்கு அடியில் பிடித்தாள். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தாள்.

"சரியா பின்னாடி நடக்குதுண்ணா" என்றாள். "மிதிங்க."